அரிசியை விட்ட பிறகும் அப்பாவுக்கு 240: தட்டில் எங்கே பார்க்க வேண்டும்?

பெங்களூர் அலசூரில் இருக்கும் ஒரு மகளின் கேள்வி இது. அப்பாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. நான்கு மாதமாகச் சோற்றைத் தொடுவதே இல்லை. காலையில் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி, மதியம் மூன்று சப்பாத்தி அல்லது ஒரு ராகி முத்தே (களி உருண்டை), சாயங்காலம் வெல்லக் காபியும் நாலு மேரி பிஸ்கட்டும், ராத்திரி சிறுதானிய உப்புமா. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240-க்குக் கீழே வருவதில்லை. வேறு எதைக் கொடுப்பது என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று. இப்படி எண் இறங்காத வீடுகளில் "எங்கேயோ ஒளித்துச் சாப்பிடுகிறார்" என்ற சந்தேகம் வந்துவிடும். உங்கள் அப்பாவை அப்படி நினைக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாடே 240-க்குப் போதும். அவர் தானியத்தை மாற்றினார், மாவுச்சத்தின் அளவு மாறவில்லை. வேறு எதைக் கொடுப்பது என்பதைவிட, எதை எத்தனை கிராம், எதனோடு சேர்த்து, எந்த வரிசையில் கொடுப்பது என்று கேட்டால்தான் வழி தெரியும்.

கணக்கைப் பாருங்கள். வேகாத நிலையில் 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் 70, ராகியிலும் ஏறக்குறைய அதே 70. சாமை, வரகு, தினை எல்லாம் 60-லிருந்து 67-க்குள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற அளவு இல்லை. ஒரு பெரிய டம்ளர் ராகிக் கஞ்சிக்கு 50 கிராம் மாவு, அரை டம்ளர் பால், இரண்டு ஸ்பூன் வெல்லம் என்று வைத்தால் 48 கிராம் மாவுச்சத்து. நாலு இட்லிக்குச் சமம். மதியச் சப்பாத்தி ஒவ்வொன்றும் 40 கிராம் மாவு பிடிக்கும் பெரிய சப்பாத்தியாக இருந்தால் மூன்றுக்கு 84 கிராம். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம்தான். ஆக, "சோறே சாப்பிடவில்லை" என்று சொல்லும் அந்த மதியத்தில் அவர் 300 கிராம் சோற்றுக்குச் சமமாகச் சாப்பிட்டிருக்கிறார். ராகி முத்தேயும் அப்படித்தான். 100 கிராம் மாவு போட்டுக் கிண்டிய உருண்டையில் 70 கிராம். நாலு மேரி பிஸ்கட் 16 கிராம், ராத்திரி உப்புமா 75 கிராம் சாமையில் செய்தால் 50 கிராம்.

வெல்லத்தைப் பற்றி இரண்டு வரி போதும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் ரத்தத்தில் போய்ச் சேரும்போது சர்க்கரைதான். "இயற்கையானது" என்பது கணையத்துக்குத் தெரியாது. நிறுத்திவிடுங்கள்.

ராகியைக் குறை சொல்லவில்லை. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம் வேறு எது? நார்ச்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு. கெடுப்பது கஞ்சி என்கிற வடிவம். மாவை நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, கொழகொழவென்று வேகவைத்து, குடிக்கிற பதத்தில் கொடுக்கும்போது பல்லுக்கும் வயிற்றுக்கும் வேலையே இல்லை. இரைப்பையிலிருந்து சீக்கிரம் இறங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் சர்க்கரை உச்சிக்குப் போய்விடும். அதே ராகியைக் கெட்டி முத்தேயாக, பாதி அளவில், நிறையச் சொப்பு சாறோடும் (கீரைக் குழம்பு) அவரைக்கொட்டையோடும் சாப்பிட்டால் ஏற்றம் மெதுவாக இருக்கும். ஓட்ஸிலும் இதே விதிதான். உடனடி ஓட்ஸ் தூளும், முழு மணியை வெட்டிய ஓட்ஸும் ஒன்றல்ல. கடையில் விற்கும் சத்துமாவுக் கஞ்சியிலும் இதைப் பாருங்கள். நைஸ் மாவாக இருந்தால் எத்தனை தானியம் கலந்தது என்பதால் பெரிய லாபமில்லை.

பெங்களூரில் சிரிதான்யம், அதாவது சிறுதானியம், வாங்கும்போது பெயர்க் குழப்பம் வரும் என்பதால் சொல்கிறேன்: நவணே என்றால் நம் தினை, சாமே என்றால் சாமை, ஹாரகா வரகு, ஊதலு குதிரைவாலி. மாவாக வாங்காமல் முழு மணியாக வாங்குங்கள். சமைக்கும் முன் எடை போடுங்கள், ஒரு ஆளுக்கு 40 கிராமுக்கு மேல் வேண்டாம். "மல்டிகிரெய்ன்" ஆட்டா வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் கோதுமைதான் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும்.

இப்போது செய்யவேண்டியது. ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டி எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அப்பா எடுக்கும் மாத்திரையில் கிளிமெபிரைடு இருக்கிறது. இது, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து. மாவுச்சத்தைச் சட்டென்று பாதியாக்கி மாத்திரையை அப்படியே வைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் என்று வரும். வயதானவர்களுக்குச் சில நேரம் வெறும் எரிச்சலும் குழப்பமும் மட்டும் வரும். ஆகவே சாப்பாட்டு அளவைக் குறைக்கப் போகிறோம் என்று மருத்துவரிடம் முதலில் சொல்லி, அளவு மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு விடுவதோ நீண்ட விரதம் இருப்பதோ கூடாது. சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அதில் உண்டு.

தாழ்சர்க்கரை வந்தால்: 15 கிராம் குளுக்கோஸ் பவுடர் அல்லது மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவையுங்கள். இருந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, ஏனென்றால் சர்க்கரையை உடைக்கும் நொதியையே அந்த மருந்து தடுக்கிறது. நேரடிக் குளுக்கோஸ்தான் வேண்டும். ஒரு டப்பா சமையலறையில், ஒரு பொட்டலம் அவர் சட்டைப் பையில்.

இனி தட்டு. மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லாதவரை, காலையில் 30 முதல் 35 கிராம், மதியம் 45 முதல் 50, ராத்திரி 35 முதல் 40, இடையில் ஒரு சின்னப் பலகாரத்துக்கு 10 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இங்கே வந்து சேர வேண்டாம். முதல் வாரம் இப்போது சாப்பிடுவதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறையுங்கள்.

நான் சொல்லப்போவது உங்கள் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும்: மதியம் சோற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வெந்த சோறு 100 கிராம், ஒரு சின்னக் கிண்ணம். எலக்ட்ரானிக் தராசில் ஒரு முறை எடை போட்டு, அந்த அளவு சரியாகக் கொள்ளும் ஒரு கிண்ணத்தை அவருக்கென்று ஒதுக்கிவிட்டால் தினமும் எடை போட வேண்டியதில்லை. புழுங்கலரிசி, கைக்குத்தல் அரிசி கிடைத்தால் நல்லது. பச்சரிசியைக் குழைய வடித்தால் ஏற்றம் வேகமாக இருக்கும், பதமாக, மணி மணியாக வடியுங்கள். பிடித்த உணவை அளவோடு சாப்பிடுகிறவர் வருடக்கணக்கில் தொடர்வார். பிடிக்காத கஞ்சியை ஒரு பண்டிகை வரைதான் குடிப்பார்.

சோறு பிடிக்காத நாளில் சப்பாத்தி. 60 கிராம் மாவை எடை போட்டுப் பிசைந்து இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 21 கிராம்.

குறைத்த இடத்தை நிரப்பாவிட்டால் அவருக்கு நாலு மணிக்குப் பசிக்கும், பிஸ்கட் டப்பா திறக்கும். அங்கேதான் பருப்பும் காயும் வரவேண்டும். நம் வீடுகளில் பெரிய குறை இது. நாலு பேர் சாம்பாருக்கு 60 கிராம் துவரம்பருப்பு போடுகிறோம். தலைக்கு 15 கிராம் பருப்பு, அதில் மூன்றரை கிராம் புரதம்கூட இல்லை. சாம்பார் ஊற்றியதால் புரதம் உள்ளே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்டுக் கெட்டிக் கூட்டாகச் செய்யுங்கள். அதோடு ஒரு கிண்ணம் தயிர், முட்டை சாப்பிடுவாரென்றால் ஒரு முட்டை, மீன் சாப்பிடுவாரென்றால் வறுக்காத மீன், சைவமென்றால் 50 கிராம் பனீர். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்ட வழிகாட்டுதல்களே, தானியங்களும் சிறுதானியங்களும் சேர்ந்து மொத்தக் கலோரியில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. சர்க்கரை இருப்பவருக்குத் தளர்வு எங்கிருந்து வரும்? சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

காய் 200 கிராம், தட்டில் பாதி. ஹாப்காம்ஸ் கடையிலோ வீதி முனைத் தள்ளுவண்டியிலோ வருடம் முழுக்கக் கிடைக்கிற சௌசௌ, அதாவது நம் ஊரில் பெங்களூர்க் கத்திரிக்காய் என்றே சொல்வது, முட்டைக்கோஸ், பீன்ஸ், கோவைக்காய், பாகற்காய், பூசணி, சுரைக்காய், எல்லாக் கீரையும். உருளை, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, சோளம் இவை காய்க்கணக்கில் வராது, சோற்றுக்கணக்கில் வரும். உருளைக்கிழங்குப் பொரியலோடு சப்பாத்தி சாப்பிடுவது சப்பாத்தியைத் தொட்டுக்கொண்டு சப்பாத்தி சாப்பிடுவது மாதிரி.

வரிசையும் முக்கியம். காயும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். அதே சாப்பாடு, அதே அளவு, ஆனால் வரிசை மாறினால் இரண்டு மணி நேர எண் குறைகிறது. நாரும் புரதமும் முன்னே போய் உட்காருவதால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. இதற்கு இந்த ஊரிலேயே அழகான ஏற்பாடு இருக்கிறது: கோசம்பரி. இரண்டு ஸ்பூன் பாசிப்பருப்பை ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரியும் துருவிய கேரட்டும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, கடுகு பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். உப்பைப் பரிமாறும்போது மட்டும் போடுங்கள், முன்பே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுவிடும். பந்தியில் ஒரு ஸ்பூன் வைப்பதை இங்கே ஒரு கிண்ணமாக வைத்து, அது முடிந்த பிறகே சோற்றைப் பரிமாறுங்கள்.

காலைக்குக் கஞ்சிக்குப் பதில் அடை. வழக்கமாக அரிசி இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு போடுவோம். அதைத் திருப்பிவிடுங்கள்: இட்லியரிசி ஒரு பங்கு, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு தலா ஒரு பங்கு. மூன்று மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், சோம்பு, பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரையுங்கள். நைசாக அரைத்தால் மாவு ஒட்டும், ருசியும் போகும், சர்க்கரையும் வேகமாக ஏறும். ஒரு அடைக்கு அரிசியும் பருப்பும் சேர்ந்து 30 கிராம் வருகிற மாதிரிக் கணக்கிட்டால் ஒன்றில் சுமார் 18 கிராம் மாவுச்சத்து, ஐந்தரை கிராம் புரதம். இரண்டு அடை, முருங்கைக்கீரை கலந்து ஊற்றினால் இன்னும் நல்லது. அரிசி குறைவதால் முறுகல் வராது, உடையும். மாவைக் கெட்டியாக வைத்து, மிதமான தீயில் மூடிபோட்டு வேகவிட்டு, ஓரம் தானாக விட்ட பிறகே திருப்புங்கள். பச்சைப்பயறு தோசையும் இதே வேலையைச் செய்யும். இட்லிதான் வேண்டுமென்றால் இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாரும் ஒரு முட்டை அல்லது சுண்டலும்.

சாயங்காலத்துக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவித்ததோ வறுத்ததோ. பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷே (கடலைச் சந்தை) நடக்கிற கார்த்திகை மாதத்தில் புதுக்கடலை மலிவாகக் கிடைக்கும், உப்பில்லாமல் அவித்துக் கொடுங்கள். கொள்ளு, இங்கே ஹுருளி, சுண்டலாகச் செய்யலாம். டிசம்பர், ஜனவரியில் அவரேகாய் குவியும்போது அதுவே கூட்டு, அதுவே சுண்டல். ஆனால் அதை அக்கி ரொட்டியில் போட்டுச் சாப்பிட்டால் அரிசிமாவுக் கணக்கும் சேர்ந்து வரும். பிஸ்கட்டை, "டைஜஸ்டிவ்", "சுகர்ஃப்ரீ" என்று எது போட்டிருந்தாலும், வீட்டுக்குள் விடாதீர்கள். சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவு இருக்கிறதே.

வெளியே சாப்பிடும் நாள் இந்த ஊரில் தவிர்க்க முடியாது. தர்ஷினி என்கிற சிற்றுண்டிக் கடையில் நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பதில் அளவு தெரியாமல் போகும். சௌசௌ பாத் என்றால் ஒரு பக்கம் ரவை, மறுபக்கம் சர்க்கரையில் கிளறிய ரவை. செட் தோசையில் மூன்று தடித்த தோசை. தட்டே இட்லி ஒன்று நம் வீட்டு இட்லி இரண்டு மூன்றுக்குச் சமம். சாம்பாரில் வெல்லம் இருக்கும், அதனால் மூழ்கடித்துக் கேட்காமல் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளட்டும். இட்லி இரண்டு, வடை ஒன்று, சட்னி என்பது அங்கே கிடைப்பதில் ஓரளவு சமநிலையானது. வடை எண்ணெய்தான், ஆனால் உளுந்து. தினமும் அல்ல, வெளியே போகிற நாளில். காபி பைட்டூ, அதாவது ஒன்றை இருவர் பகிர்ந்து, "சக்கரெ பேடா" (சர்க்கரை வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லி.

பழம் ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டோடு சேர்த்து அல்லாமல் தனியாக. கொய்யா முதல் தேர்வு. பப்பாளி 100 கிராம், சின்ன ஆப்பிள், ஒரு ஏலக்கி வாழைப்பழம் சரி. மாம்பழக் காலத்தில் 100 கிராம் துண்டு சாப்பிட்டால் அதில் 15 கிராம் மாவுச்சத்து, அன்று சோற்றில் பாதிக் கிண்ணம் குறையட்டும். ஜூஸ் வேண்டாம், சர்க்கரை போடாததும் வேண்டாம்.

வெந்தயத்தைக் கேட்பீர்கள். ஊறவைத்த வெந்தயத்தில் கரையும் நார் இருக்கிறது, அது ஏற்றத்தைக் கொஞ்சம் தடுக்கும். சாப்பிடலாம். மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

சாப்பிட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கால் மணி நேர நடை. தெருவில் நடக்க இடமில்லையென்றால் மொட்டைமாடி போதும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகள் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருந்து சாப்பிடுகிறாரென்றால் அதை மாற்றுங்கள். எட்டு மணிக்குள் அவர் தட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் வந்ததும் கூட உட்கார்ந்து மோர் குடிக்கட்டும்.

இதெல்லாம் உங்கள் அப்பாவின் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் குளுக்கோமீட்டர்தான் சொல்லும். வெறும் இரண்டு மணி நேர எண் மட்டும் பார்த்தால் பாதி தெரியாது. சாப்பிடும் முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு அவருக்கு ஒத்துப்போகிறது. முன்பே 190 இருந்து பின்பு 235 ஆனால் குற்றம் அந்தச் சாப்பாட்டின்மேல் இல்லை, அடிப்படையே உயர்ந்திருக்கிறது. முன்பு 130 இருந்து பின்பு 240 ஆனால் தட்டைத்தான் பார்க்க வேண்டும். மூன்று நாள் காலைச் சாப்பாட்டுக்கு, அடுத்த மூன்று நாள் மதியத்துக்கு, அடுத்த மூன்று நாள் ராத்திரிக்கு என்று பிரித்தால் 18 ஸ்ட்ரிப்பில் முடியும். பொதுவான இலக்கு சாப்பிடும் முன் 80 முதல் 130, பின்பு 180-க்குள். வயதும் மற்ற நோய்களும் பார்த்து மருத்துவர் இதைத் தளர்த்தலாம்.

தப்பு நடக்கும் இடங்கள்: பழம் நறுக்கிய கையோடு குத்தினால் எண் பொய்யாக ஏறும், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ரத்தம் வரவில்லையென்று விரலை அழுத்திப் பிழியக் கூடாது. ஸ்ட்ரிப் டப்பாவை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் ஈரம் பிடித்துக் கெடும். மீட்டரில் 15 சதவீதம் வரை இப்படி அப்படி இருப்பதைச் சர்வதேசத் தர அளவே அனுமதிக்கிறது. 180 காட்டினால் உண்மை 160-ஆகவும் இருக்கலாம், 200-ஆகவும் இருக்கலாம். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாமல் மூன்று நாள் எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். லேபுக்குப் போகிற நாளில் மட்டும் இரண்டு இட்லி சாப்பிடுவது, மாத்திரையை விட்டுவிட்டுப் போவது இரண்டும் வேண்டாம். அன்றாடம் எப்படியோ அப்படியே போகட்டும். காலை வெறும் வயிற்றில் மட்டும் அதிகமாக இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டை இன்னும் இன்னும் வெட்டாதீர்கள். விடியற்காலையில் கல்லீரல் தானே சர்க்கரையை விடுவிக்கும், அது மருந்தால் சரிசெய்ய வேண்டியது.

பத்து வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர், அதிலும் சைவமென்றால், பி12 அளவையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் வரும் கால் எரிச்சலும் மரத்துப்போவதும் சர்க்கரையால்தான் என்று விடப்பட்டுவிடும்.

இரண்டு மூன்று வாரம் அளந்து சாப்பிட்டும், நடந்தும், சாப்பிட்ட பின் 200-க்கு மேலேயே நின்றால் அதற்குமேல் சோற்றைக் குறைக்காதீர்கள். பத்து வருடத்தில் கணையத்தின் சுரப்பு குறைந்திருக்கலாம், மருந்தை மாற்ற வேண்டிய நேரம் வந்திருக்கலாம். அது அப்பாவின் தோல்வி அல்ல. காரணமில்லாமல் எடை இறங்குவது, இரவில் பலமுறை சிறுநீர் போவது இருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். வாந்தி, மூச்சிரைப்போடு சர்க்கரை 300-ஐத் தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரி. மற்றபடி, ஒரு நோட்டில் தேதி, சாப்பிட்டது எத்தனை கிராம், முன் எண், பின் எண், நடந்தாரா இல்லையா என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.